சேவ் பண்ணாத கடிதங்கள்

எங்கள் வேலைத்தளத்துக்கு முதல் தடவை வருகிறவர்கள் வாசலில் வைத்தே என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் உள்ள கண்ணாடி அலுமாரியில், விருதோ கேடயமோ இருக்க வேண்டிய இடத்தில், வயிறு வீங்கிய பற்றரி ஒன்று இருக்கிறது. அது என்ன என்று கேட்பார்கள். எங்களால் கெட்டுப்போன பற்றரி என்று சொல்வேன். விளம்பரம் செய்து தருகிறேன் என்று வந்த ஒருவர், இதை முதலில் எடுங்கள், பார்க்கிற சனம் என்ன நினைக்கும் என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் பற்றரியை எடுக்கவில்லை. அவரைத்தான் அனுப்பினேன்.

நாங்கள் செய்வது யூ.பி.எஸ். கறண்ட் போனாலும் கொம்பியூட்டர் அணைந்து போகாமல் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிற பெட்டி. இன்றைக்குத் திருகோணமலைக் கண்டி வீதியில், கப்பல்துறை என்ற ஊருக்குக் கிட்ட, சொந்தக் கட்டடத்தில் இருபத்தேழு பேர் வேலை செய்கிறோம். தொடங்கியது ஓர்ஸ் ஹில்லில், என் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில். அந்த நாளில் நான் இதைக் கம்பனி என்று சொன்னால் எதிரில் நிற்கிறவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார். அடக்காமல் சிரித்தவர்களும் உண்டு. எல்லாருடைய முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் மறக்கிற ஆள் இல்லை.

அதற்கு முதல் ஒன்பது வருடம் கொழும்புக் கம்பனி ஒன்றின் ஊர்க் கிளையில் திருத்த வேலை செய்தேன். வெளிநாட்டில் இருந்து வருகிற யூ.பி.எஸ்.களை விற்பதும் திருத்துவதும் அந்தக் கிளையின் வேலை. கொழும்பில் நாலு வருடம் ஓடுகிற பெட்டி எங்கள் துறைமுகப் பக்கத்தில் ஒன்றரை வருடத்தில் செத்துவிடும். திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற சர்க்கியூட் போட்டில் செம்புக் கோடுகள் எல்லாம் பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கும். உப்புக் காற்று. இதைக் கண்டுபிடிக்கப் படிப்புத் தேவையில்லை, மூக்கு இருந்தால் போதும். நான் ஒவ்வொரு தடவையும் அறிக்கையில் அப்படியே எழுதி அனுப்புவேன். தலைமைக் கந்தோரில் இருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வரும்: பாவனையாளரின் கவனயீனம். ஒன்பது வருடமும் இந்த ஊரில் ஒருவருக்குக்கூடக் கவனம் இல்லையாம்.

கடைசியில் கிளையை மூடினார்கள். மூட வந்த பெரியவர், திருகோணமலையில் மார்க்கட் இல்லை என்று எங்களை நிற்க வைத்துச் சொன்னார். சொன்ன கையோடு வெளியே போய், துறைமுகம் பின்னால் தெரியத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். மார்க்கட் இல்லை, காட்சி மட்டும் இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்சக் காலத்தில் நாடே இருட்டுக்குள் போனது. இத்தனை மணி தொடக்கம் இத்தனை மணி வரை என்று அட்டவணை போட்டுக் கறண்டை வெட்டினார்கள். டொலர் இல்லை என்று வெளிச் சாமானும் வராமல் நின்றது. கொம்பியூட்டர் வைத்திருந்த ஒவ்வொருவரும் யூ.பி.எஸ். தேடி அலைந்தார்கள், கடைகளில் ஒன்றும் இல்லை. பழைய இரும்பு எடுக்கிறவர்களிடம் செத்த பெட்டிகள் குவிந்து கிடந்தன. நான் அவற்றை அள்ளிக்கொண்டு வந்து பின்னறையில் கொட்டினேன். என் கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து, அறையை எட்டிப் பார்த்து, "இஞ்சரும், நான் அங்க இறக்கிற சாமானை எல்லாம் நீர் இஞ்ச ஏத்திக்கொண்டு நிக்கிறீர்" என்றார். பிறகு தானே சட்டையைக் கழற்றிவிட்டு அடுக்கித் தந்தார்.

சர்க்கியூட் போட்டுகளைத் திருத்த எனக்குத் தெரியும். ஆனால் யூ.பி.எஸ்.ஸின் வயிற்றில் இருக்கிற ட்ரான்ஸ்போமர் எரிந்துவிட்டால் அதற்குச் செம்புக் கம்பியை மறுபடி சுற்ற வேண்டும். அது எனக்குக் கைவராது. அப்போதுதான், தன் ஊர்ப் பேராலேயே நாங்கள் கப்பல்துறை அக்கா என்று கூப்பிடுகிறவர் வந்து சேர்ந்தார். தண்ணீர்ப் பம்பு மோட்டர்களுக்குக் கொயில் சுற்றுகிற கடையொன்றில் பல வருடம் இருந்தவர். கடை மூடிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அதனாலேயே ஒத்துப்போனது. அக்கா வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே சுற்றுவார். ஊர்ப் புதினம் எல்லாம் வரும். சுற்றின் எண்ணிக்கை மட்டும் பிசகாது. சுற்றி முடித்ததும் கொயிலை வார்னிஷில் முக்கி எடுத்துக் காய வைப்பார். அதுதான் கம்பிக்குக் காவல் என்பார். வேலை கூடக் கூடத் தன் ஊரில் இருந்து பெண்களைக் கூட்டி வந்தார். ஒரு கட்டத்தில் எட்டுப் பேர் ஆனோம். பொம்பிளைகள் கறண்டோடு விளையாடக் கூடாது என்று கேற்றடியில் நின்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பெட்டியும் எங்களிடம்தான் திருத்தத்துக்கு வந்தது.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. செய்து முடித்த ஒவ்வொரு பெட்டியையும் எங்கள் சொந்தக் கொம்பியூட்டரோடு இணைத்துப் பூட்டிப் பார்ப்போம். நான் உட்கார்ந்து ஒரு கடிதம் தட்டத் தொடங்குவேன். சேவ் பண்ண மாட்டேன். கடிதம் பாதியில் இருக்கும்போது கப்பல்துறை அக்கா சுவரில் இருந்து பிளக்கைப் பிடுங்குவார். எப்போது பிடுங்குவார் என்று எனக்குச் சொல்ல மாட்டார். திரை அப்படியே நின்றால் பெட்டி பாஸ். அணைந்தால் நான் தட்டிய கடிதமும் போய்விடும், பெட்டியும் திரும்ப மேசைக்குப் போகும்.

சும்மா ஏ, பி, சி என்று தட்டினால் எனக்குப் பயம் வராது. போனால் வலிக்க வேண்டும், அப்போதுதான் சோதனை. அதனால் நான் உண்மையான கடிதங்கள் எழுதினேன். மார்க்கட் இல்லை என்று சொன்ன பெரியவருக்கு எழுதினேன். கவனயீனம் என்று எழுதிய கந்தோருக்கு எழுதினேன். என் பொறியியல் டிப்ளோமாவைப் பார்த்துத் தட்டச்சு வேலை தருகிறோம் என்ற இடத்துக்கு எழுதினேன். மனதில் கிடந்த எல்லாம் வரும், நல்ல சூடாக வரும். பிளக் பிடுங்கி, பெட்டி தாங்கிய பிறகு, ஒன்றையும் சேவ் பண்ணாமல் மூடிவிடுவேன். அக்கா பின்னால் நின்று வாசித்துச் சிரிப்பார். இண்டைக்கு ஆருக்கு அர்ச்சனை என்று கேட்பார். அனுப்பியிருந்தால் எனக்கு எத்தனை வழக்கு வந்திருக்குமோ தெரியாது.

பிறகுதான் நான் ஒரு கெட்டித்தனம் காட்டினேன். என் அப்பா சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் கடற்றொழில் செய்தவர். எங்கள் வீட்டில் ரேடியோ, டோர்ச், கலியாணப் படம், என் சான்றிதழ், எல்லாமே பொலித்தீனுக்குள் இருக்கும். ரேடியோவைப் பொலித்தீனோடுதான் கேட்போம். பொலித்தீனுக்கு மேலாலேயே பொத்தானைத் திருகுவோம். உப்பு எதைத் தொட்டாலும் தின்றுவிடும், ஆகவே எதையும் திறந்து வைக்காதே. இது எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தராமலே கையில் ஊறிய பழக்கம். திருத்துகிற வேலையை விட்டுச் சொந்தமாகப் பெட்டி செய்யத் தொடங்கியதும் நானும் அதையே செய்தேன். பெட்டியின் பக்கங்களில் இருக்கிற காற்றுத் துவாரங்களை எல்லாம் அடைத்தேன். மூடியின் ஓரம் முழுக்க ரப்பர் பட்டி வைத்தேன். இனி உப்பு எங்கால் நுழையும், பார்ப்போம் என்று நினைத்தேன்.

என் கணவர் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, காற்றுப் போக வழி இல்லையே என்றார். உங்களுக்கு ஒன்றும் விளங்காது, சும்மா இருங்கோ என்றேன். பெட்டிக்கு வெளியே ஒரு ஸ்டிக்கர் அடித்தோம், மூன்று மொழியிலும்: திருகோணமலையில் செய்தது. அதை எட்டுப் பேரும் மாறி மாறி ஒட்டினோம். முதல் ஸ்டிக்கரை ஒட்டும்போது எனக்குக் கண் கலங்கியது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

நாற்பத்தொரு பெட்டி விற்றோம். வீட்டில் வைத்தே விற்றோம். எல்லாம் எங்கள் சோதனையில் பாஸ் ஆனவை.

இந்த இடைக்குள் காலம் மாறியது. கறண்ட் வெட்டு குறைந்தது. வெளிச் சாமான் திரும்பக் கடைக்கு வரத் தொடங்கியது. வெளிப் பெட்டி பளபளப்பாக இருக்கும், எங்கள் பெட்டி இரும்புப் பெட்டி. விற்பனை படுத்தது. அடுத்த மாதம் எட்டுப் பேரில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற நிலை. யாரை அனுப்புவது என்று பேர்களை எழுதி எழுதி வெட்டினேன். எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான்.

அப்போது கொழும்பில் இருந்து ஒரு வியாபாரி வந்தார். காற்றுப் புகாத பெட்டி என்று கேள்விப்பட்டு வந்தார். எங்கள் சோதனையை நின்று பார்த்தார். திரை அணையாததைக் கண்டு கை தட்டினார். இருநூறு பெட்டி வேண்டும், பிடித்தால் இன்னும் வேண்டும் என்றார். இருநூறு பெட்டி என்றால் எட்டுப் பேருக்கும் வருடம் முழுக்க வேலை. நான் கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகு அவர் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார்.

"மிஸ், உள்ளதைச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. திருகோணமலை எண்டு கண்டா கொழும்பில சனம் அடுத்த பெட்டியைத் தூக்கும். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ. நான் நல்ல பேர் ஒண்டு அடிச்சுத் தாறன்."

எனக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது. ஆனால் நான் அவரை விரட்டினேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் யோசித்தேன். ஒரு வரிதானே என்று எனக்கு நானே சொன்னேன். மற்ற ஏழு பேரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். மூன்றாம் நாள் ஓம் என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடு எழும்பினேன்.

அன்று காலையில் கந்தளாயில் இருந்து அழைப்பு வந்தது. அங்கே கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிற ஒரு முஸ்லிம் ரீச்சர் எங்களிடம் ஐந்து பெட்டி வாங்கியிருந்தார். முன்பு ஒரு தடவை கறண்ட் போய்ப் பிள்ளைகளின் வேலை முழுக்க அழிந்ததில் நொந்துபோய் வாங்கியவர். சத்தம் போடவில்லை. "புள்ள, உங்கட பெட்டி வீங்கிப் போச்சு. மூடியத் தள்ளிக்கிட்டு நிக்குது" என்று மட்டும் சொன்னார்.

கணவரையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு, சாமான் ஏற்றுகிற வான் வண்டியில் போனேன். தகரம் போட்ட ஒரு மண்டபம், ஐந்து கொம்பியூட்டர், பதினெட்டுப் பிள்ளைகள், அனல் அடிக்கிற மதியம். பெட்டியைத் திறந்ததும் அசிட் மணம் மூக்கில் ஏறியது. பற்றரி மாவு புளித்த மாதிரிப் பொங்கிப் போய் இருந்தது. மற்ற நாலையும் திறந்தேன். இன்னும் இரண்டு பொங்கத் தொடங்கியிருந்தன. ரீச்சர் என் ரப்பர் பட்டியை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இத ஏன் இப்பிடி இறுக்கி அடச்சீங்க?"

உப்புக் காற்று உள்ளே போகாமல் இருக்க என்றேன்.

"கந்தளாய்ல உப்புக் காத்து எங்க புள்ள இருக்கு?"

 கடல் எங்கே, கந்தளாய் எங்கே. அங்கே இருப்பது குளமும் வயலும் வெயிலும். நான் எங்கள் கடற்கரை வீட்டுப் பொலித்தீனைக் கொண்டுபோய் அந்த வெயிலுக்குள் இருந்த மனுசியின் பெட்டிக்குச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். உப்பை வெளியே விட்டேன் என்று பெருமைப்பட்டேன். சூட்டை உள்ளே பூட்டியதை யோசிக்கவில்லை. எங்கள் பெரிய சோதனையிலும் இது தெரியவில்லை. கறண்ட் போகிற ஐந்து நிமிடத்தைத்தான் நாங்கள் பார்த்தோம். கறண்ட் இருக்கிற மற்ற நேரம் முழுக்க அந்தப் பெட்டி உள்ளே வெந்துகொண்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாளில் சோதனை இருக்கிறது, பிள்ளைகள் கொம்பியூட்டரில் செய்து காட்ட வேண்டிய சோதனை, அதற்குள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ரீச்சர் கேட்டார். அதற்குள் கொண்டு வருவேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஐந்து பெட்டியையும் வானில் ஏற்றினோம்.

வழியில் கொழும்பு வியாபாரி அழைத்தார். நான் ஒளிக்காமல் சொன்னேன். அவர் பதறவில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம்.

"மிஸ், இது கந்தளாயோட முடியட்டும். நாப்பத்தொரு பெட்டிக்கும் வீடு வீடாப் போய் நாங்கள் பிழை விட்டனாங்கள் எண்டு சொன்னா உங்கட கம்பனி முடிஞ்சுது. அந்தப் பெட்டிகளை மறந்திடுங்கோ. எனக்கு வாறதில துவாரம் வையுங்கோ, புதுப் பேர் அடிப்பம். ஆரும் உங்களைத் தேடி வர மாட்டினம்."

ஆரும் உங்களைத் தேடி வர மாட்டினம். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. ரீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்க முடிந்தது பெட்டியில் எங்கள் ஊர்ப் பேர் இருந்ததால். அந்த வரியை எடுத்தால் நல்ல பெட்டிக்கும் நான் இல்லை, கெட்ட பெட்டிக்கும் நான் இல்லை. ஒன்பது வருடமாகக் கவனயீனம் என்று எழுதி அனுப்பியவர்கள் இருந்த கதிரையில் இப்போது என்னை இருக்கச் சொல்கிறார். நான் போனை வைத்தேன். நாற்பத்தொன்றையும் திருப்பி எடுக்கப் போகிறேன் என்று வானுக்குள் வைத்தே சொன்னேன்.  மறுநாள் கணவர் துறைமுகத்தில் லீவு போட்டார்.

நாலு நாள் அலைந்தோம். படியேறிப் போய், எங்கள் பிழை, பெட்டியைத் தாருங்கள், திருத்தி ஒரு சதமும் எடுக்காமல் தருவோம் என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. முதல் வீட்டில் நாக்குத் திரும்பவில்லை. பத்தாவது வீட்டில் பாடமாகிவிட்டது. சிலர் திட்டினார்கள். வாங்கிக்கட்டினேன். பட்டினத்தில் ஒரு அச்சகக்காரர் தன் பெட்டியைத் தரவே மாட்டேன் என்று நின்றார். நல்லாத்தானே ஓடுது, நல்லா ஓடுகிறதை ஏன் பிடுங்கிறியள் என்று என்னோடு சண்டை. அவருக்கு முன்னாலேயே மூடியைத் திறந்து பற்றரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார், கையை எடுத்தார், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வானில் வைத்தார்.

பெட்டிகள் வந்து சேர்ந்தன, ஆனால் வழி வரவில்லை. துவாரத்தைத் திறந்தால் உப்புத் தின்னும். அடைத்தால் சூடு தின்னும். நான் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது, கப்பல்துறை அக்கா கொயிலை வார்னிஷில் முக்கிக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, நான் கொயிலுக்கு உடுப்புப் போடுறன். நீங்கள் வீட்டுக்கே உடுப்புப் போடப் பாக்கிறியள். உள்ளுக்க இருக்கிற சர்க்கியூட் போட்டுக்கு மட்டும் போட்டா காணாதோ?"

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. டிப்ளோமா எடுத்தவள் நான், கம்பி சுற்றுகிறவர் எனக்குச் சொல்லித் தருகிறாராக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். என்னைத் தட்டச்சுக்கு அனுப்பப் பார்த்தவர்களின் புத்தி எனக்குள்ளும் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அக்கா சொன்னது சரி. போட்டுகளைக் கழுவிக் காய வைத்து, இணைப்பு வருகிற இடங்களை மட்டும் மறைத்து, வார்னிஷ் பூசினோம், இரண்டு தரம். ரப்பர் பட்டியைப் பிய்த்து எறிந்தோம். துவாரங்களைத் திறந்து, நேரே காற்று அடிக்காதபடி கீழ் நோக்கி மடித்தோம். அப்படிச் செய்த ஐந்து பெட்டியை வெயில் படுகிற தகரக் கொட்டிலுக்குள் ஐந்து நாள் அணைக்காமல் ஓட விட்டோம். மணிக்கொரு தரம் யாராவது போய் மீட்டரின் கம்பியை உள்ளே விட்டுச் சூடு பார்த்து எழுத வேண்டும். அக்கா மட்டும் மீட்டரை நம்பாமல் உள்ளங்கையையும் வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

அந்த ஐந்து நாளுக்குள் எல்லாரையும் இருத்தி உள்ளதைச் சொன்னேன். கொழும்பு ஓடர் வேண்டுமென்றால் ஊர்ப் பேரை எடுக்க வேண்டும், எனக்கு மனம் இல்லை, ஓடர் போனால் நாலு பேரை நிற்பாட்ட வேண்டி வரும். ஒருத்தி எழும்பிக் கோபமாகவே கேட்டாள், ஸ்டிக்கரைத் தின்னலாமோ என்று. அவள் கேட்டது நியாயம்.  அக்காதான் பதில் சொன்னார்.

"இண்டைக்குப் பேரை எடு எண்டுறவர், நாளைக்கு இந்த வேலையையே எடுத்துக்கொண்டு போவார். பேர் இல்லாட்டி அது எங்கட வேலை எண்டு ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

கோபப்பட்டவள் திரும்பக் கதிரையில் இருந்தாள். அப்ப நாலு பேரை அனுப்பாமல், எல்லாருமாகப் பாதி நாள் வருவோம் என்றாள். அவளே சொன்னாள். அதுதான் முடிவானது.

பதினோராம் நாள் கந்தளாய்க்குக் கொண்டுபோனோம். ஐந்தையும் பூட்டினோம். பிள்ளைகள் பயிற்சி செய்துகொண்டிருக்க, நான் ரீச்சருக்குத் துவாரத்தையும் வார்னிஷையும் விளக்கத் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சுவர்ப் பக்கம் நடந்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மெயின் சுவிட்சைக் கீழே தட்டினார். மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. லைட்டுகள் போயின.  எங்கள் வழக்கத்தை எங்களிடமே காட்டிவிட்டார் மனுசி. ஐந்து பெட்டியும் கீக் கீக் என்றன. பதினெட்டுப் பிள்ளைகளில் ஒரு தலை நிமிரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்கள். ரீச்சர் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "சரி, வெச்சிட்டுப் போங்க" என்றார்.

பிள்ளைகளின் சோதனை நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னேரம் அழைத்து, கறண்ட் போனதோ என்று கேட்டேன். "ஓ, போச்சு புள்ள, கால் மணித்தியாலம். உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்" என்றார். மறந்துவிட்டாராம். போனை வைத்துவிட்டு நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

மறுநாள் வியாபாரியின் மின்னஞ்சல் வந்தது. நாற்பத்தொன்றையும் திருப்பி எடுத்ததைக் கேள்விப்பட்டதாகவும், புது மாதிரி இன்னும் நல்லது என்றும், இருநூறு இப்போது முந்நூறு என்றும், அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார். எங்கள் பாதி நாள் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது ஏழு மாதம் நீளும் என்றோ, சண்டை பிடித்த அச்சகக்காரரே பத்துப் பேரைக் கூட்டி வருவார் என்றோ, ரீச்சர் சொல்லிக் கந்தளாயில் வீதிக்கு வீதி எங்கள் பெட்டி போகும் என்றோ அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் அன்று செய்தது பெரிய காரியமும் இல்லை.

மேசையில் சோதனைக்கு ஒரு பெட்டி காத்திருந்தது. கொம்பியூட்டரில் பூட்டி, இணையத்துக்கு டொங்கிளையும் செருகி, உட்கார்ந்தேன். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கினேன். அன்று சூடான வார்த்தை ஒன்றும் வரவில்லை. எங்கள் பெட்டி உங்களுக்கு வேண்டுமானால் அது செய்த ஊரின் பேரோடுதான் வரும், பழுதானாலும் அந்தப் பேரைப் பார்த்து எங்களைத் தேடி வரச் சொல்லுங்கள் என்று தட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா பிளக்கைப் பிடுங்கினார். பெட்டி கீக் கீக் என்றது. திரை நின்றது அப்படியே.

"பாஸ், தங்கச்சி. மூடுங்கோ" என்று அக்கா பிளக்கைத் திரும்பச் செருகப் போனார்.

"பொறுங்கோ அக்கா" என்றேன். கறண்ட் இல்லாமலே கடைசி வரியை எழுதி முடித்தேன். எங்கள் எட்டுப் பேரின் பேரையும் கீழே போட்டேன். முதல் தடவையாகச் சேவ் பண்ணினேன். பிறகு அனுப்பினேன்.